மனித உயிரணுவும் மேனிப் பூச்சும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

மனிதனுடைய நோய்க்கு மனித உடலே மருந்தாகும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பல நூற்றாண்டுகளாக மக்கள் உள்ளத்தில் வேரூன்றி, காலத்துக்கேற்பப் பெயரையும் உருவத்தையும் மாற்றிக்கொண்டு வருவது அது. ஒரு காலத்தில் அது பொடியாக விற்கப்பட்டது. பின்னர்க் கொழுப்பாகவும், அதன்பின் நஞ்சுக்கொடிச் சாறாகவும் விற்கப்பட்டது. இன்றோ "ஸ்டெம் செல்", "வளர்ச்சிக் காரணி", "எக்ஸோசோம்" என்னும் பெயர்களைத் தாங்கிச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைபட்டு, பட்டணத்து அழகு நிலையங்களிலும், கைத்தொலைபேசி விளம்பரங்களின் வாயிலாகத் தோட்டத்து வீடுகளிலும் வந்து நிற்கின்றது. சுருக்கம் மறையும், தழும்பு நீங்கும், இளமை மீளும் என்பன அதன் வாக்குறுதிகள்.

இவ்வாக்குறுதிகளை ஆராயப் புகும் நாம் மூன்று கேள்விகளை வாசக நேயர்கள் முன் வைக்கின்றோம். இவற்றால் பயன் உண்டா? தீங்கு உண்டா? மருந்தாகிய அந்த மேனி யாருடைய மேனி? முதலிரண்டையும் வைத்தியர்கள் கேட்கின்றனர். மூன்றாவதைக் கேட்போர் சிலரே. ஆயினும் சரித்திரத்தைப் புரட்டுங்கால், மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள் என்பது விளங்கும்.

மம்மிப் பொடியும் மனிதக் கொழுப்பும்

பாரசீக நாட்டில் மலைப்பிளவுகளிற் கசியும் கரிய கீலுக்கு "மூமியா" என்று பெயர். அக்காலத்து அரபு வைத்தியர்கள் அதனை அரிய மருந்தாகப் போற்றினர். எகிப்து நாட்டில் பதஞ்செய்து புதைக்கப்பட்ட பிணங்களின்மேற் படிந்திருந்த கரும்பிசினும் அதுவே என்று ஐரோப்பியர் மயங்கினர். பிசின் அரிதாகவே, பிணமே மருந்தாயிற்று. சொற்பொருளில் நேர்ந்த ஒரு குழப்பம் பல நூற்றாண்டு வைத்தியமாக நிலைத்துவிட்டது. அரைத்த பிணத்தைப் புண்ணுக்கிட்டனர். அடிபட்டவருக்கு உள்ளுக்கும் கொடுத்தனர். மன்னரும் பிரபுக்களும் இதற்கு விலக்கல்லர்.

பிரெஞ்சு அரசர்களிடம் அறுவை வைத்தியராயிருந்த அம்புருவாஸ் பாரே என்பார் 1582-ஆம் ஆண்டு இம்மருந்தைக் கண்டித்து நூல் எழுதினார். இது நோயாளிக்கு ஒரு நன்மையும் செய்யாது, வயிற்று வலியையும் வாந்தியையுமே தரும் என்றார். அலெக்ஸாந்திரியா நகரில் ஒரு வியாபாரி, இறந்த அடிமைகள் முதலியோரின் உடல்களைத் தானே பதப்படுத்திப் பழம்பிணமெனக் கப்பலேற்றிய செய்தியையும் அவர் எடுத்துரைத்தார். போலிச் சரக்கும் கள்ள வாணிபமும் இக்காலத்துப் புதுமைகளல்ல என்பதற்கு இது சான்று.

மேனிப் பூச்சாகப் பெரிதும் வழங்கியது மனிதக் கொழுப்பே. ஜெர்மானிய நாடுகளில் கொலைத்தண்டனை நிறைவேற்றும் சேவகன், தண்டனை பெற்றவரின் உடற்கொழுப்பை எடுத்து மருந்துக் கடைகளுக்கு விற்கும் வழக்கமிருந்தது. "ஏழைப் பாவியின் கொழுப்பு" என்றே அதற்குப் பெயர். மூட்டுவலிக்கும், தழும்புக்கும், அம்மைவடுவுக்கும் அதனைத் தடவினர். கொழுப்பு எதுவாயினும் வறண்ட தோலை மென்மையாக்கும். பன்றிக் கொழுப்பும் அதனையே செய்யும். எனினும், மனிதனிடமிருந்து வந்ததாலேயே அதற்குத் தனிச்சக்தி உண்டென்று மக்கள் நம்பினர். இந்த நம்பிக்கையை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பின்வரும் வரலாறு முழுவதிலும் இது மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

நஞ்சுக்கொடியின் கதை

20-ஆம் நூற்றாண்டில் வைத்தியம் விஞ்ஞானத்தின் துணைகொண்டு நடக்கலாயிற்று. 1910-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த டேவிஸ் என்னும் வைத்தியர், கருவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வைத் தோல் இழந்த இடங்களில் ஒட்டிய அனுபவங்களை வெளியிட்டார். அம்முறை பயனுடையது, தீப்புண்ணிலும் கண் அறுவையிலும் அச்சவ்வு இன்றும் பயன்படுகின்றது.

வைத்தியசாலையில் ஒன்று பயன் தந்தால், சந்தைக்காரன் அதனைச் சும்மா விடுவானோ? 1940-களில் நஞ்சுக்கொடிச் சாறு கலந்த முகப்பூச்சுகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அதிலுள்ள ஹார்மோன்கள் இளமையைத் திருப்பும் என்று விளம்பரம் செய்தனர். அரசாங்க அதிகாரிகள் இதனைப் பொய்ப்பெயரிட்ட சரக்கு என்று கண்டித்தனர். உடனே வியாபாரிகள், ஹார்மோனை நீக்கிவிட்டோம், இதிலுள்ளது புரதமே என்று பேச்சை மாற்றினர். பெயர் மாறிற்று, சரக்கு மாறவில்லை.

ஜப்பானில் மனித நஞ்சுக்கொடிச் சாறு ஊசிமருந்தாக அங்கீகாரம் பெற்று, ஈரல் நோய்க்கும் மாதவிடாய் நிற்கும் பருவத்துத் தொல்லைகளுக்கும் வழங்கப்படுகின்றது. அங்கும் 2006 முதல் அவ்வூசி போட்டுக்கொண்டவர்கள் இரத்ததானம் செய்தல் கூடாதென்று விதித்தனர். அவ்வூசியால் நோய் தொற்றியதென நிரூபணம் ஏற்பட்டதால் அன்று. தொற்றும் வழியை முற்றும் அடைக்க இயலாது என்னும் எச்சரிக்கையால். அறிவுடைய அரசு இவ்வாறே நடக்கும்.

குடுவையில் வளர்ந்த தோல்

உயிரணுவை உடலுக்கு வெளியே வளர்க்கலாம் என்று முதன்முதற் காட்டியவர் ராஸ் ஹாரிஸன். அவர் 1907-இல் தவளையின் நரம்பணுவை வளர்த்தார். 1912-இல் அலெக்ஸிஸ் காரெல் கோழிக்கருவின் இதயத் துணுக்கொன்றை வளர்க்கத் தொடங்கினார்; அவர் 1944-இல் மறைந்த பின்னும் 1946 வரை அதனை உயிருடன் வைத்திருந்ததாகச் சொல்லினர். உயிரணுவுக்குச் சாவில்லை என்று உலகம் வியந்தது. பத்திரிகைகள் அதனைப் பெரிதும் முழக்கின. ஆனால், 1961-இல் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் அவருடைய துணைவர் மூர்ஹெட்டும், மனிதனின் இயல்பான உயிரணு ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று நிறுவினர். காரெலின் குடுவையில் ஊற்றிய உணவுச்சாற்றுடன் புதிய அணுக்கள் புகுந்திருக்கலாம் என்பது பின்னோர் கருத்து. சாவாத அணு என்னும் கனவு கலைந்தது. விளம்பரங்களில் மட்டும் அது இன்னும் உலவுகின்றது.

உண்மையான வெற்றி 1975-இல் வந்தது. ரைன்வால்டு, ஹவர்ட் கிரீன் என்னும் இருவர் மனித மேற்றோலின் அணுக்களைத் தட்டில் தகடாக வளர்க்கும் முறையைக் கண்டனர். சிறு துண்டுத் தோல் சில வாரங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகிற்று. 1983-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இரு சிறுவர்கள் தீயிற் சிக்கினர். உடலில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெந்துபோயிற்று. அத்தகையோர் பிழைப்பதில்லை என்பதே அந்நாள்வரை வைத்தியர் கண்டது. பாஸ்டன் நகர வைத்தியசாலையில் அச்சிறுவர்களின் எஞ்சிய தோலினின்றே புதுத்தோல் வளர்த்து உடலிற் பாதிப் பரப்பளவுக்குப் போர்த்தினர். இருவரும் உயிர் பிழைத்தனர். விஞ்ஞானம் செய்த அருஞ்செயல்களுள் இது ஒன்று.

இதன்பின் 1998-இல் ஆறாத கால்புண்ணுக்கும், 2001-இல் நீரிழிவுக்காரரின் பாதப்புண்ணுக்கும், வளர்ப்பு உயிரணுக்களால் ஆன செயற்கைத் தோல்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. நீரிழிவு நம்மவரை எவ்வளவு வாட்டுகிறது என்பதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியையும் பட்டணத்து ஆஸ்பத்திரியையும் கண்டோர் அறிவர். விரலும் பாதமும் இழந்தோர் நம்முட் பலர். ஆகவே இவ்வாராய்ச்சியை வீண் என்று நாம் சொல்லோம். மனித உயிரணு மருந்தாகும் இடம் உண்டு. அது புண்ணின் மேலே, வைத்தியரின் கண்ணெதிரே.

புண்ணினின்று முகத்துக்கு

உயிரணுக்கள் வளருங்கால் தம்மைச் சூழ்ந்த ஊட்டநீரில் பலவகைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றுட் சில "வளர்ச்சிக் காரணிகள்" எனப்படும். அணுவை நோக்கி "வளர்க", "பெருகுக", "புண்ணை ஆற்றுக" என்று ஏவும் தூதுவர்கள் இவை. ஸ்டான்லி கோஹன் என்னும் விஞ்ஞானி 1962-இல் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியினின்று இவ்வகைப் புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். பிறந்த எலிக்குஞ்சுக்கு அதனைச் செலுத்த, அதன் கண்ணிமை உரிய நாளுக்கு முன்பே திறந்தது. இப்பணிக்காக அவரும் ரீட்டா லெவி-மோன்டால்சினி அம்மையாரும் 1986-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

செயற்கைத் தோல் வளர்த்த பின் எஞ்சும் ஊட்டநீரில் இத்தூதுவர்கள் நிறைந்திருத்தலைக் கண்டோர், அதனை ஏன் முகப்பூச்சில் கலத்தலாகாது என்று எண்ணினர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் அத்தகைய பூச்சுகள் கடைக்கு வந்தன. பின்னர்க் கொரியா பெருஞ்சந்தையாயிற்று. ஆகவே இக்குப்பிகளுட் பெரும்பாலானவற்றில் உயிருள்ள அணு ஒன்றேனும் இல்லை. அணு வாழ்ந்த நீரின் சாரமே உள்ளது. உயிரணுவைக் குழம்பில் இட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் அது உயிரோடிராது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆப்பிள் முதலிய செடிகளின் மூலவுயிரணு என்று விற்கப்படுவனவோ வேறு இனம். செடியின் அணு மனிதத் தோலாக மாறுதல் ஒருநாளும் இல்லை.

வரவும் பற்றும்

தோட்டத்து அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு, எப்பொருளையும் வரவு ஒருபுறமும் பற்று ஒருபுறமுமாக எழுதிப் பார்ப்பதே இயல்பு. அவ்வாறே இதனையும் பார்ப்போம்.

முதலில் வரவு. தோலின் மேற்புறத்தே செத்த அணுக்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கப்பட்ட மெல்லிய படலம் ஒன்றுண்டு. வெளிப்பொருள் உள்ளே புகாமற் காப்பது அதன் தொழில். 500 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறு அதனைக் கடத்தல் அரிது என்று 2000-ஆம் ஆண்டு இரு தோல் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். கோஹன் கண்ட புரதமோ 6,000 டால்டனுக்கும் மேற்பட்டது. அதனினும் பெரியன பல. பூட்டிய கதவின்முன் தூதுவனை நிறுத்தினால் அவன் செய்தி உள்ளே எட்டுமோ?

ஆயினும், பயனே இல்லையென்று முடிவு கூறுவதும் நேர்மையன்று. சில சோதனைகளில் நுண்சுருக்கம் ஓரளவு குறைந்தது. லேசர் ஒளியால் தோலைச் சுட்டபின் சிவப்பு விரைவில் தணிந்தது. ஆனால் இச்சோதனைகள் பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்துச் சில மாதங்களே நடந்தவை. சரக்கை விற்போரே பொருளுதவி செய்தவையும் அவற்றுள் உண்டு. பூச்சிலுள்ள எண்ணெயும் ஈரமும் செய்த நன்மை எவ்வளவு, உயிரணுச் சாரம் செய்த நன்மை எவ்வளவு என்று பிரித்தறிதலும் எளிதன்று. மனிதக் கொழுப்பின் கதையை இங்கே நேயர்கள் நினைவுகூர்க.

இனிப் பற்று. மனிதப் பொருளில் மறைந்துவரும் நோய்க்குச் சரித்திரம் தந்த சான்று கொடியது. இறந்தோரின் மூளையடிச் சுரப்பியினின்று எடுத்த வளர்ச்சி ஹார்மோனை, 1950-களின் இறுதி முதல், உயரம் குன்றிய குழந்தைகளுக்கு ஊசிவழி ஏற்றினர். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் பெற்றனர். பலர் உயர்ந்தும் வளர்ந்தனர். 1985-இல், அவ்வாறு பெற்ற இளைஞர் சிலர் மூளையை அரிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் மாண்ட செய்தி வெளியாயிற்று. பிரெஞ்சு நாட்டில் மட்டும் 100-க்கு மேற்பட்டோர் இறந்தனர். நன்மை செய்யவே விரும்பிய வைத்தியர்களின் கையாலேயே இது நேர்ந்தது. அவ்வாண்டே நுண்ணுயிரிகளைக் கொண்டு உண்டாக்கிய ஹார்மோன் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிணத்தின் தேவை ஒழிந்தது.

ஊசிவழி உடலினுட் செல்வதும், தோல்மேல் தடவுவதும் ஒன்றல்ல. செவ்வையாக நடக்கும் ஆய்வுக்கூடத்தில், அணுவைத் தந்தவரின் இரத்தத்தைச் சோதித்து, அணுவையும் சோதித்து, நீரை வடித்தெடுத்த பூச்சு, குறையற்ற தோலிற் படுமாயின், அதனால் பெருந்தீங்கு நேரும் என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் இன்று அழகு நிலையங்களில் நடப்பது என்ன? நுண்ணூசிகளால் தோலைத் துளைத்து அதன்மேல் இச்சாரத்தைப் பூசுகின்றனர். சிலர் ஊசியிலேயே ஏற்றுகின்றனர். காவற்கதவைத் தாமே உடைத்துவிட்டு, வருபவன் யாரென்று கேளாதிருப்பதை ஒக்கும் இது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று சொல்லி விற்ற அனுமதியற்ற மருந்துகளைப் பெற்றோர் கடுந்தீங்குற்றதனால், 2019 டிசம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. எக்ஸோசோம் மருந்து எதற்கும் அன்று அனுமதி இல்லை என்பதையும் அது தெளிவாக்கிற்று.

வளர்ச்சிக் காரணி புற்றையும் வளர்க்குமோ என்னும் ஐயம் மற்றொன்று. நீரிழிவுப் பாதப்புண்ணுக்காக 1997-இல் அனுமதி பெற்ற ஒரு வளர்ச்சிக் காரணிப் பூச்சின்மீது, மிகுதியாகப் பயன்படுத்தினோரிடையே புற்றுநோய் மரணம் கூடுதலாகத் தோன்றியதனால், 2008-இல் கடும் எச்சரிக்கை பொறித்தனர். பின் வந்த ஆராய்ச்சிகளை நோக்கி 2018-இல் அவ்வெச்சரிக்கையை நீக்கினர். ஐயம் எழுந்தபோது வெளிப்படையாக எழுதி, தெளிந்தபோது வெளிப்படையாக அழிப்பதே மருந்துலகின் ஒழுக்கம். அழகுச் சரக்கின் உலகில் அந்த ஒழுக்கத்தைத் தேடிக் காண வேண்டியிருக்கின்றது.

சட்டங்கள் சொல்வது

ஐரோப்பியக் கூட்டமைப்பு தன் 2009-ஆம் ஆண்டு அழகுப்பொருள் சட்டத்தில், மனித உயிரணு, திசு, அவற்றினின்று வந்த பொருள் யாவற்றையும் விலக்கப்பட்ட சரக்குகளின் பட்டியலில் வைத்துள்ளது. நம் தென்கிழக்காசிய நாடுகள் 2003-இல் கையொப்பமிட்டு 2008 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆசியான் அழகுப்பொருள் விதியும் அவ்வாறே விலக்குகின்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்குட்பட்டவை. கொரியா வேறு வழி சென்றது. உயிரணுவை நேராகச் சேர்ப்பதைத் தடுத்து, வளர்ப்பு நீரை மட்டும், தந்தவரைச் சோதித்தல் முதலிய நிபந்தனைகளுடன் ஏற்றது. அமெரிக்காவில் அழகுப்பொருளுக்கு முன்னனுமதி கிடையாது. தீங்கு நேர்ந்தால் அறிவிக்கும் கடமையையும், பாதுகாப்புக்குச் சான்று வைத்திருக்கும் கடமையையும் 2022-இல் இயற்றிய சட்டமே வியாபாரிகள்மேல் சுமத்திற்று.

ஆகவே, "வெளிநாட்டிலே சட்டப்படி விற்பது" என்று ஒருவர் கூறுவது மெய்யாக இருக்கலாம். அது இங்கும் சட்டப்படி ஆனதென்று பொருளாகாது. இன்னொன்றும் அறிய வேண்டும். இந்நாட்டில் அழகுப்பொருளுக்குக் கிடைக்கும் அறிவிப்பு எண், வியாபாரி தன் சரக்கை அரசாங்கத்துக்கு அறிவித்தான் என்பதற்கே சான்று. அரசாங்கம் அதனைச் சோதித்து உத்தரவாதம் தந்தது என்பதற்குச் சான்றன்று. பாதரசம் கலந்த வெண்மைப் பூச்சுகள் பலவற்றின் அறிவிப்பு பின்னர் ரத்தானதை நாம் பத்திரிகைகளில் படித்துள்ளோம்.

யாருடைய மேனி?

இனி மூன்றாம் கேள்வி. 1951-இல், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பின மாது கருப்பைவாய்ப் புற்றுக்கு வைத்தியம் பெற்றார். புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவர். அவரைக் கேளாமலே அவர் புற்றின் அணுக்களை எடுத்தனர். அவை குடுவையில் ஓயாது பெருகின. அவர் தம் 31-ஆம் வயதில் அவ்வாண்டே மாண்டார். அணுக்களோ உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றன. அவை முகப்பூச்சுக்குரியவை அல்ல. எனினும் உயிரணு வாணிபம் முழுவதற்கும் அவர் கதை ஒரு பாடம். குடும்பத்தாருக்குப் பல ஆண்டுகள் இது தெரியாது. 2023-இல்தான் அவர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

ஜான் மூர் என்னும் இரத்தப் புற்றுநோயாளியின் மண்ணீரலை 1976-இல் எடுத்தபின், அதன் அணுக்களை அவர் வைத்தியர் காப்புரிமைப் பொருளாக்கினார். 1990-இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் இரண்டு கூறிற்று: தம் இலாப நோக்கத்தை வைத்தியர் நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஒன்று, எடுக்கப்பட்ட அணுவின்மேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்பது மற்றொன்று.

அன்று கொழுப்புத் தந்தவன் கழுமரத்து ஏழை. மம்மியானவன் அடிமை. இன்று செயற்கைத் தோலுக்கு அணுத் தந்தவை, சுன்னத்தின்போது நீக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் தோல்துண்டுகள். பெற்றோரின் சம்மதமே அங்கு வேலி. தருபவர் சம்மதம் அறிந்து தந்ததா, அதற்கு எழுத்துச் சான்று உண்டா என்று கேட்பது வாங்குபவரின் கடமை. வேர்வை சிந்துபவன் ஒருவன், பயன் கொள்பவன் வேறொருவன் என்பதைத் தோட்டத்துத் தமிழருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கது

முதலாவது, மனிதச் சாரம் கலந்தது என்று விற்கும் பூச்சைக் கண்டால், அது இந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று கேட்க. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவிலும் தேடிப் பார்க்க. இரண்டாவது, ஊசியால் ஏற்றுவது அழகுப்பொருள் ஆகாது. பதிவுபெற்ற வைத்தியர் அல்லாதார் கையில் முகத்தை ஒப்படையாதிருக்க. மூன்றாவது, நீரிழிவுப் புண்ணுடையோர் விளம்பரப் பூச்சை நாடிக் காலத்தைக் கழியாது ஆஸ்பத்திரிக்கு விரைக. அங்கே இழக்கப்படுவது அழகன்று, காலே.

வெயிலில் நாள்முழுதும் உழைக்கும் ஆணும் பெண்ணும் தோலைக் காக்க விரும்பினால், அகன்ற தொப்பியும், நீண்ட கைச்சட்டையும், வெயில் தடுக்கும் பூச்சும், இரவில் சிறிது வாஸலினும் போதும். சுருக்கத்தைத் தடுப்பதில் வெயிற்காப்பு நன்கு சோதிக்கப்பட்ட முறை. அதன் விலையும் நம் கூலிக்கு எட்டும். பல நாட்கூலியை விழுங்கும் குப்பியின் பயனோ இன்னும் ஐயத்துக்கிடமாயுள்ளது.

விஞ்ஞானத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. வெந்த சிறுவருக்குத் தோல் தந்த விஞ்ஞானத்தை வணங்குகின்றோம். அதன் பெயரைச் சொல்லிப் பழைய மம்மிப் பொடியைப் புதுக்குப்பியில் அடைப்போரிடம் மட்டுமே நாம் சான்று கேட்கின்றோம். சான்று தரட்டும், ஏற்போம். தாராதவரை, நம் பணமும் நம் மேனியும் நம்மிடமே இருக்கட்டும்.